ஒரே மரத்தில் இரண்டு கயிறு

கயிற்றின் ஒரு முனையை மரத்தைச் சுற்றி வீசிவிட்டு, மறுபக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள் அவள். மரமா அது... யானை பக்கத்தில் வந்து நின்றால் யானைக்கே தன் இடுப்பு சிறியதாகத் தெரிந்து சந்தோஷப்பட்டிருக்கும். கை எட்டவில்லை. கன்னத்தை ஈரப் பட்டையில் அழுத்தி, இன்னும் கொஞ்சம் எக்கி, விரல் நுனிகளை நீட்டி... கயிறு கைக்கு வந்துவிட்டது.

தானாக வரவில்லை. யாரோ அதைப் பதமாக எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார்கள்.

"தேங்க்ஸ்ங்க" என்றாள், கடையில் ஆட்களோடு பழகிய பழக்கத்தில்.

"பரவால்லங்க" என்றது மரம்.

அதற்குப் பிறகுதான் அலறினாள். அந்த அலறலில் மலையின் அந்தப் பக்கத்து மழை ஒரு நிமிஷம் நின்று, என்ன ஏது என்று விசாரித்துவிட்டு மறுபடி பெய்ததாகக் கேள்வி. மழை என்றால் இன்று பெய்வது மாதிரி, செய்தியில் மட்டும் பெய்கிற மழை இல்லை. மேகங்கள் மலை ஏறி மூச்சு வாங்கி, இனி ஓர் அடி நகரமாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துவிட்ட மழை. துளி ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. பூசணி அளவு என்றாலும் அன்று அங்கே நனைந்தவர்கள் மறுக்கப் போவதில்லை. நனைந்தவர்களோ இரண்டே பேர்.

இரண்டாவது ஆள் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். உயரமாக, ஒல்லியாக, தோளில் ஒரு பெரிய மூட்டையோடு. மூக்குக் கண்ணாடி முழுக்க மழை வழிந்தது. வந்தவன், அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்த ஒரு செடியைப் பார்த்து, பயமுறுத்தியதற்கு மிகுந்த மரியாதையோடு மன்னிப்புக் கேட்டான். செடி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

சிரித்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்போதுதான் கவனித்தாள். தன் கயிற்றுக்கு ஒரு சாண் கீழே, அதே மரத்தில், இன்னொரு கயிறு. அவனுடையது. அந்தச் சரிவிலேயே சமதரையாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான். தொங்குபடுக்கை கட்டுவதற்குத் தோதாக அங்கே நின்றவை இரண்டே மரங்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஏறி வந்து, அதே இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மரம் என்னுடையது என்றாள் அவள். மரம் மரத்துடையது, இருந்தாலும் முதலில் வந்தது நான்தான் என்றான் அவன். உங்களுடைய தூளியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்றாள். தூளி என்ற சொல் அவனைத் தைத்துவிட்டது. இது தொங்குபடுக்கை, பச்சைக் குழந்தைக்குக் கட்டுவதுதான் தூளி என்று திருத்தினான். அதற்கு அவள் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடியில் வழிந்த மழையால் அந்தப் பார்வை அவனுக்குச் சேதாரம் இல்லாமல் போனது.

"இங்க பாருங்க... நான் தனியா வந்திருக்கேன்" என்றாள் கடைசியில், குரலை உயர்த்தி.

"அப்ப நான் மிளகாவா வந்திருக்கேன்" என்றான் அவன்.

எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொன்ன சிலேடை. வேறு நாளாக இருந்தால் அவளும் ஒரு மசாலாப் பெயரைச் சொல்லிப் பதிலடி கொடுத்திருப்பாள். ஆனால் அன்று அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. ஏனென்றால் அந்த ஒரு சொல்லில்தான் அவள் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது.

*

அவள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. முன்னறையில் அண்ணன். எழுத்துப் பலகையைக் காட்டி, வருகிறவர்களை வாசிக்கச் சொல்லி, பவர் கண்டுபிடிப்பது அவன் வேலை. பின்னறையில் தங்கை. சாணைச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. சின்ன வயதிலிருந்தே கண்ணாடிச் சில்லுகளோடு விளையாடியவள் என்பதால் வீட்டில் அவள் பெயர் 'சில்லு'. அண்ணனுக்கோ ஊரில் ஒருவர் பெயரும் நினைவில் நிற்காது. ஆளைப் பவரால்தான் தெரியும். "அந்த மைனஸ் ஆறு வந்தாரா?" என்பான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட, பெண் எப்படி என்று கேட்டவர்களிடம், "ரெண்டு கண்ணும் ஜீரோ, பத்தரை மாத்துத் தங்கம்" என்றானாம். அந்த ஜீரோதான் அண்ணி.

மலை உச்சியில் ஒரு வானாய்வு நிலையம். மழைக்காலத்தில் நட்சத்திரம் தெரியாது. அப்போது தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கீழே இறக்கி, அடுத்த பருவத்துக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வானத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் விடுப்பில் போய்விட, மெருகேற்றும் ஆள் மட்டும் மழை ஓயும் வரை மேலே தங்க வேண்டும். அந்த வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இதுவரை கட்டைவிரல் அகல வில்லைகளைத் தேய்த்தவளுக்கு, ஆள் நீளக் கண்ணாடி. நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை குறுகுறுத்தது...

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்ததே அவன்தான். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள், இடி இடித்தால் அண்ணி பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறவள், மழைக்காலம் முழுக்க மலை மேல் இருப்பாளாமா என்றான். வாக்குவாதம் பந்தயமாக முற்றியது.

"இந்த வாரக் கடைசி மூணு ராத்திரி மலைக்காட்டுல தனியா இருந்துட்டு வா. ஈ காக்கா துணை இருக்கக் கூடாது. இருந்துட்டேன்னா நீ போலாம். இல்லேன்னா இந்தப் பேச்சே இனிமே இந்த வீட்ல கூடாது."

அப்படித்தான் சில்லு புறப்பட்டாள். கண் பரிசோதனை அறையின் பழைய கறுப்புத் திரையை அண்ணி தையல் மெஷினில் போட்டுத் தொங்குபடுக்கையாக்கிக் கொடுத்தாள். ஒரு தார்ப்பாய், ஒரு கயிற்றுச் சுருள், ஒரு சின்ன அடுப்பு. அப்போதெல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகும் தொலைபேசி ஏது. காட்டுக்குள் போனால் போனதுதான். திரும்பி வந்தால்தான் செய்தி.

இதையெல்லாம் கொட்டுகிற மழையில், முன்பின் தெரியாதவனிடம், மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சட்டை அதைவிட ஈரம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கீழே இறங்கிப் போய்விடலாம் என்றால் இப்போதுதான் ஓடையைத் தாண்டி வந்தேன், முழங்கால் அளவு ஓடியது, இதற்குள் கழுத்தளவாகியிருக்கும் என்றான். சத்தத்தைக் கேட்டால் அதுவும் உண்மை என்று பட்டது.

"ஒண்ணு பண்ணலாம்ங்க" என்றான். "அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம், சரிவா இருந்தாலும் எப்படியாவது கட்டிக்கறேன். நான் இல்லேன்னு வெச்சுக்கோங்க."

"இல்லாதவங்க பேசக் கூடாது."

அவன் தலையாட்டினான். முடிச்சை அவிழ்த்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாறையை நோக்கி நடந்தான். அந்த நடையிலேயே ஒரு நல்ல பிள்ளைத்தனம் இருந்தது. அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அதைவிட, அந்தக் குரல்... கனமாக, வழுக்கிக்கொண்டு வரும் அந்தக் குரல்... எங்கே கேட்டிருக்கிறாள்?

*

பொழுது சாய்கிற நேரம், தார்ப்பாய்க்குக் கீழே படுக்கையில் ஏறி உட்கார்ந்தவள் துள்ளி எழுந்தாள். முதுகெல்லாம் தண்ணீர். தார்ப்பாயில் ஓட்டை இல்லை. பின்னே எங்கிருந்து? சாவதானமாக மரத்திலிருந்து இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, நேராக அவள் படுக்கைக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தது மழை. துடைத்தாள். வந்தது. துண்டைச் சுற்றினாள். துண்டையும் நனைத்துக்கொண்டு வந்தது. அழுகை வரும் போல இருந்த நேரம், பாறைக்கு அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மரத்திலிருந்து கயிறு வழியாக வரும் மழைநீர், படுக்கையை அடையும் முன்பு, கயிற்றில் ஒரு துண்டு நூல் கட்டித் தொங்கவிடப்பட்டால், அந்த நூல் வழியாகக் கீழே இறங்கிவிடும் என்று தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி."

இந்தக் குரல். ஊர் ரயில் நிலையத்தின் குரல். தூக்கக் கலக்கத்தோடு அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து, இத்தனாவது நடைமேடை என்று சொல்லி வழியனுப்பிய குரல். ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்தும். ஒருவரும் முகத்தைப் பார்த்ததில்லை. ஏதோ பெரிய மீசை வைத்த கிழவர் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே... அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அடுப்பே, ரயில் லேட்டா வர்றப்பல்லாம் 'வருந்துகிறோம்'னு பொய் சொல்றது இந்த ஆள்தானா?"

பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு மரத்திடம் சொல்வது கேட்டது. "மரமே, மத்தவங்க எப்படியோ... நான் நிஜமாவே வருந்துவேன்."

அவள் நூலைக் கட்டினாள். தண்ணீர் ஒழுங்காக, சொன்ன சொல் கேட்டு, நூல் வழியாகச் சொட்டியது. இது உதவியில் சேர்த்தி இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அறிவிப்பு என்பது பொதுவாகச் சொல்வது. அதில் யாருக்கும் யாரும் துணை ஆகிவிட மாட்டார்கள்.

மறுநாள் முழுக்க இப்படியே ஓடியது. மழை விடவில்லை. இவர்களும் விடவில்லை. அட்டைகள் அவன் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்குப் புறப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. தேநீருக்குச் சர்க்கரை மறந்துவிட்ட ஓர் அறிவாளியைப் பற்றி அவள் அடுப்பிடம் சொல்ல, சற்று நேரத்தில் பாறை மேல் ஒரு சர்க்கரைப் பொட்டலம் முளைத்திருந்தது. அவன் ஏன் காட்டுக்கு வருகிறான் என்பதையும் மரத்திடம்தான் சொன்னான். வருஷம் முழுக்க ஆயிரம் பேரிடம் பேசுகிற வேலை, பதில் மட்டும் ஒருவரும் சொல்வதில்லை, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பேசாமல் இருந்து பார்க்கலாம் என்று இங்கே வருவானாம். இந்தத் தடவை அதுவும் போச்சு என்றான். அந்தப் 'போச்சு'வில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

மாலையில் குளிர் ஏறியது. தொங்குபடுக்கையில் ஒரு சங்கடம். மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர் கீழேயிருந்து வரும். சில்லுவின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் பள்ளத்தாக்கில் எதிரொலித்து, மரங்கொத்திகள் எல்லாம் பதில் கொடுத்தன. உடனே அறிவிப்பு. பாறை மேல் உரிமை கோரப்படாத விரிப்பு ஒன்று கிடப்பதாகவும், படுக்கைக்குள் முதுகுக்கடியில் போட்டுக்கொண்டால் குளிராது என்றும், உரிமையாளர் பெற்றுக்கொள்ளலாம் என்றும்.

"அடுப்பே, அவருக்குக் குளிராதாமா?"

"மரமே, என்கிட்ட ரெண்டு இருக்கு."

எடுக்கப் போனாள். பாறை மேல் விரிப்பு இருந்தது. விரிப்பின் மேல் அவன் கண்ணாடியும் இருந்தது, ஒரு கால் கழன்று. திருகு எங்கேயோ விழுந்துவிட்டிருக்கிறது. அவன் பாறைக்கு அந்தப் பக்கம் தரையில் மண்டியிட்டு, சேற்றில் விரல்களால் தேடிக்கொண்டிருந்தான். அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

முதன்முறையாக அவன் கண்களைப் பார்த்தாள்.

ஆயிரம் கண்களுக்குக் கண்ணாடி செய்தவள் அவள். கண் என்றால் பவர், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி இல்லாத இந்தக் கண்கள்... மழையில் கழுவிவிட்ட மாதிரி, எதிலும் நிலைக்காமல், எல்லாவற்றையும் நம்புகிற மாதிரி... எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உலகம் முழுவதையும் ஒரே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்தது எத்தனை நேரம் என்று கேட்டால், அதற்குள் ஒரு பாசி வளர்ந்து அந்தப் பாறையை மூடிவிட்டது.

கண்ணாடியைத் தூக்கி ஒரு வில்லை வழியாக இலையைப் பார்த்து மெல்ல அசைத்தாள். இலையும் கூடவே நகர்ந்தது. மைனஸ். வலது ரெண்டே கால். இடது ஒன்றே முக்கால். கை தன்னால் கணக்குப் போட்டது. அவள் பையின் மடிப்பில் எப்போதும் ஒன்றிரண்டு பொடித் திருகுகள் சிக்கிக் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பொருத்தி, நகத்தால் முடுக்கி, தன் பையின் அடியில் மிச்சமிருந்த ஒரே காய்ந்த துணியால் துடைத்து... கண்ணாடியை நீட்டவில்லை. குனிந்து அவளே மாட்டிவிட்டாள். தொழில் பழக்கம். காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் பார்ப்பதும் தொழில் பழக்கம்தான்.

அவன் நிமிர்ந்தான். வந்த நேரம் முதல் மங்கலாக மட்டுமே தெரிந்த முகம், ஒரு முழம் தூரத்தில், ஒவ்வொரு இமை மயிரும் எண்ணக்கூடிய தெளிவோடு.

அறிவிப்பாளனுக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை. வாய் திறந்திருந்தது. மழை அதற்குள்ளும் பெய்தது.

அவள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனாள்.

*

விடிந்தபோது மழை ஓய்ந்திருந்தது. ஓடையின் இரைச்சலும் தணிந்திருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் கயிறு அவிழ்க்கும் சத்தம், மூட்டை கட்டும் சத்தம். அவளுக்காக அவன் முன்னாலேயே போகிறான். பந்தயத்துக்கு இன்னும் ஒரு பகலும் இரவும் பாக்கி.

படுக்கையின் கறுப்புத் துணியை முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். இதயம் அடித்த அடியில் படுக்கையே ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"பயணிகளின் கனிவான..." குரல் கொஞ்சம் கரகரத்தது. நின்றது.

சொல்லுங்க... சொல்லித் தொலைங்களேன்...

அவன் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்குச் சொல்வது போல் ஒருத்திக்கு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் துணியை விலக்கி ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அடுப்பை அல்ல, அவனை. கூப்பிட்டால் பந்தயம் போச்சு. ஆள் நீளக் கண்ணாடி போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் சேற்றில் சளக் சளக்கென்று போய், ஓடைச் சத்தத்தில் கரைந்தது.

அன்று முழுக்க அவள் நிஜமாகவே தனியாக இருந்தாள். ஆச்சரியம், பயமே இல்லை. இடி இடித்தது, சரி என்றாள். ஏதோ ஒரு பெரிய மிருகம் புதருக்குள் நடந்தது, வழி விட்டாள். கரப்பான்பூச்சியின் பெரியப்பா மாதிரி ஒன்று கால் மேல் ஏறியது, எடுத்து இலை மேல் விட்டாள். இருக்க முடியும். மழைக்காலம் முழுக்க இருக்க முடியும். அது நிச்சயமாகிவிட்டது. ஆனால் தேநீர் கொதித்ததும் அடுப்பிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாறையைப் பார்த்து, சொல்லாமலே குடித்தாள். சர்க்கரை போட்டும் இனிக்கவில்லை.

*

கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான் அண்ணன். இந்த நாட்களில் அவன் பார்த்த வியாபாரத்தில் பாதிப் பேருக்கு அடுத்தவர் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டான் என்று அண்ணி சொன்னாள். தங்கையின் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தான். உள்ளே பெஞ்சின் மேல் அவனுடைய பெரிய பெட்டி, துடைத்து, பூட்டுக்கு எண்ணெய் போட்டுத் தயாராக இருந்தது. மலைக்கு அனுப்பத்தான். தோற்கத் தயாராகவே இருந்திருக்கிறான் மனுஷன். வானாய்வு நிலையத்துக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஒரே கேள்வி" என்றான். "தனியாதானே இருந்த?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று சில்லு நினைத்துப் பார்த்தாள். நூல் கட்டச் சொன்னவன் இல்லை. சர்க்கரை வைத்தவன் இல்லை. அந்தக் கண்கள் இல்லை. 'நான் இல்லேன்னு வெச்சுக்கோங்க' என்று சொன்னவனை, நிஜமாகவே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும்...

"இல்லண்ணா. இன்னொருத்தர் இருந்தாரு."

கடை முழுக்க மாட்டியிருந்த கண்ணாடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தன. அண்ணன் எழுந்தான். யார் என்றான். ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்கிறவர் என்றாள். அவ்வளவுதான், அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கடைக்கு வரும் வில்லைப் பார்சல்கள் ரயிலில்தான் வரும். ஒரு தடவைகூட நேரத்துக்கு வந்ததில்லை. நடைமேடையில் நின்றுகொண்டு, தலைக்கு மேலிருந்து வரும் அந்தக் குரலோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டவன் அவன்.

"வருந்துகிறோம், வருந்துகிறோம்னு சொல்வானே, அவனா? பேரென்ன?"

"கேக்கல."

"வீடு?"

"கேக்கல."

"கண்ணு?"

"வலது மைனஸ் ரெண்டே கால். இடது ஒண்ணே முக்கால்" என்றாள், கால் பவர் பிசகாமல்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தங்கை ஒருவனின் பவரை இத்தனை மெதுவாக, இத்தனை பத்திரமாகச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

சில்லு நடந்ததைச் சொல்லச் சொல்ல, அண்ணி வக்கீலாகிவிட்டாள். பெயர் தெரியாது, வீடு தெரியாது, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதும் கிடையாது, பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தால் அது எப்படித் துணையாகும், பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதில்லையா, ஆகவே அவள் தனியாகத்தான் இருந்தாள் என்று அடுக்கினாள். நல்ல வாதம். சில்லு ஆமாம் என்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"இல்ல அண்ணி. தனியா இல்ல. அவர் இருந்தாரு... எனக்கு நல்லா இருந்துச்சு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "பந்தயத்துல நான் தோத்துட்டேன்ண்ணா. பொட்டிய எடுத்து உள்ள வெச்சிடு."

அண்ணன் பின்னறைக்குப் போனான். சற்று நேரத்தில் சாணைச் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வில்லை எதுவும் வைக்காமல் வெறும் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"இந்தச் சத்தம் கேக்கணும்னே வெறும் சக்கரத்தச் சுத்தவிட்டுட்டு இருந்தேன், நீ போனதுலேர்ந்து" என்றான், திரும்பாமல். "உன்னால தனியா இருக்க முடியாதுன்னு சொன்னது சும்மா, சில்லு. முடியாதவன் நான்."

பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு முன்னறைக்கு வந்து, கடைத் தொலைபேசியை எடுத்தான். எதிர்முனையிலிருந்த வானாய்வு நிலையத்து அதிகாரியை ஏதோ தன் கடன்காரரைப் போல அதட்டி, என் தங்கை வருகிறாள், அவள் கைக்கு நல்ல வெளிச்சமான அறை வேண்டும், இடி இடித்தால் யாராவது ஒருத்தர் போனில் பேச வேண்டும் என்றான். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"என்ன நிக்கற? ஸ்டேஷனுக்குப் போய் அந்த வருந்துறவனப் பாத்துட்டு வா. பேரையாவது கேட்டுட்டு வா."

*

ரயில் நிலையத்தில் ஊரே தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் வேறு குரல். பயணச்சீட்டுக் கொடுக்கும் அம்மாள், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர், ஒன்றை ஏழு என்று படிக்க, ஏழாவது நடைமேடையே இல்லாத அந்த நிலையத்தில் ஐந்நூறு பேர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சில்லு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். போய்விட்டானா... ஊர் மாற்றிவிட்டார்களா...

படிகளில் ஏறி, 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்த கதவைத் திறந்தாள். சுவரெல்லாம் சத்தத்தை விழுங்கும் கனத்த துணி ஒட்டிய சின்ன அறை. மேசை, சிவப்பு விளக்கு, ஒலிவாங்கி, அதன் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்த பயணச்சீட்டு அம்மாள். மூலையில் கழுத்தில் துண்டு சுற்றி, வெந்நீர்க் குவளையோடு அவன்.

அவளைப் பார்த்ததும் எழுந்தான். வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

ஊரை எழுப்பிய அந்தக் குரல், இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. குளிரில் கட்டிய சளி. அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"ரெண்டு விரிப்பு இருக்குன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருந்தது ஒன்றுதான்.

வெளியே நடைமேடை மேம்பாலத்துக்கு வந்தார்கள். சாரல் அடித்தது. அவளே பேசினாள். அடுப்பு இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்து. வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டதையும், தோற்றதையும், தோற்ற பிறகும் அண்ணன் அனுப்புவதையும் சொன்னாள். நாளைக்கே மலைக்குப் போகிறாள். மழை ஓயும் வரை இறங்க மாட்டாள். மேலே தங்க அறை உண்டு, அறைக்கு வெளியே நிறைய மரங்களும் உண்டு, கயிறு கட்ட யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதையும், எங்கோ பார்த்தபடி, சொல்லிவைத்தாள்.

அவன் நெருங்கி வந்தான். வேறு வழியில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு முழத்துக்கு அப்பால் எதையும் சொல்ல முடியாது. அவள் காதருகே குனிந்து, காற்றும் கரகரப்புமாக, சொன்னான்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு... உங்களுக்கு மட்டுந்தாங்க சொல்றேன்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. மூன்று ஜென்மத்துக்குக் கேட்டது. அவள் கன்னத்தில் ஏறிய சிவப்பைப் பார்த்துத் தூரத்தில் வந்த ரயில் ஒன்று, சிக்னல் என்று நினைத்து நின்றேவிட்டது.

"கேக்கல" என்றாள்.

அவன் மறுபடி சொன்னான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கிட்ட வந்து.

"ம்ஹூம்... ரயில் சத்தம். கேக்கல."

ரயில் ஏது, அதுதான் நின்றுவிட்டதே. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ரெண்டே காலும் ஒன்றே முக்காலுமாகத் தெளிவாகப் பார்த்தான். உதட்டோரத்தில் ஒளித்துவைத்த சிரிப்பைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தும், ஒன்றும் தெரியாதவன் போல, மறுபடி குனிந்தான்.

எத்தனையோ மழை வந்து போயிற்று. அந்த நிலையத்தில் இப்போது இயந்திரம்தான் பேசுகிறது, அது எதற்கும் வருந்துவதாகத் தெரியவில்லை. அவனுக்குப் பல் கட்டியாகிவிட்டது. அவளுக்குக் காது நிஜமாகவே சற்று மந்தம், டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலங்களில் அவன் எழுந்து வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து அதையே சொல்கிறான். சொல்லி முடிக்கும் முன்பே அவள் காது மடல் சிவந்துவிடுகிறது.

"கேக்கல" என்கிறாள்.